பிறக்கும் முன் தைத்த சட்டை

கார்த்திகை 25, செவ்வாய்

விடாத மழை. துணி எதுவும் காயவில்லை. வீடு முழுக்க ஈர வாடை. இவர் விடிவதற்குள் மாட்டுக் கொட்டகைக்குப் போய்விட்டார். மேஸ்திரிக்கு மழை ஏது, வெயில் ஏது.

இன்றைய வேலை: அரிசி புடைக்க. விளக்குத் திரி. சட்டைக் கழுத்து மடித்துத் தைக்க.

சட்டை. எழுதவே கை கூசுகிறது. பிறக்கப் போகும் பிள்ளைக்கு முன்கூட்டியே துணி தைத்தால் பிள்ளை தங்காது என்பார்கள். தெரிந்துதான் தைக்கிறேன். முன்னே பிறந்த இரண்டு பேருக்கும் ஊசியில் நூல்கூடக் கோக்கவில்லை. பெரியவன் ஒரு பகல் இருந்தான். சின்னவன் அழவே இல்லை. இருவரையும் இவருடைய பழைய வேட்டியில் சுற்றித்தான் கொண்டுபோனார்கள். இவனாவது, இவளாவது, தனக்கென்று ஒரு துணியோடு.

தைப்பது மாடியில், மேரி அக்கா அறையில். யாழ்ப்பாணத்துக்காரர், தனியாள், மிஷன் பள்ளியில் தையல் சொல்லிக் கொடுக்கிறார். கை மெஷின் அவருடையது. "துணியை இழுக்காதையும் பிள்ளை. விட்டால் அது தானா வரும்." மழைச் சத்தத்தில் மெஷின் சத்தம் தெருவுக்குக் கேட்காது. நல்லதுதான்.

கார்த்திகை 26, புதன்

மழை. இரண்டாவது சட்டையும் முடிந்தது. பித்தான் இல்லை, நாடா. பித்தானை விழுங்கிவிட்டால்? இன்னும் பிறக்கவே இல்லை, அதற்குள் விழுங்குகிறது.

குழாயடியில் இரண்டு பெண்கள். நான் பின்னால் நிற்பது தெரியாது.

"ரெண்டு போச்சு. இதாச்சும் நிக்குதான்னு பாப்போம்."

"வயிறு ரொம்ப எறங்கிடுச்சு. எனக்கு நம்பிக்கை இல்ல லா."

குடத்தைப் பாதியோடு தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

கார்த்திகை 28, வெள்ளி

இவர் பார்த்துவிட்டார். சுவரில் தண்ணீர் கசிகிறது என்று அரிசிப் பானையை நகர்த்தினார். பின்னால் நான் ஒளித்துவைத்த சட்டை மூட்டை. பிரித்தார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"என்ன காரியம் பண்ணிட்ட? தெரிஞ்சே பண்ணுவியா?"

"அந்த ரெண்டு பேருக்கும் ஒண்ணும் தைக்கலையே. இருந்தாங்களா?"

மூட்டையை எடுத்துக்கொண்டு குடைகூட இல்லாமல் மழையில் இறங்கினார். ஆற்றில்தான் போடுவார். போட்டால் அது இன்னும் கெட்ட சகுனமோ? யாரைக் கேட்பேன்?

விளக்கு வைத்தபின்: வந்துவிட்டார், தெப்பலாக. மூட்டை அவர் சட்டைக்குள்ளே, மார்போடு. "அம்மன் காலடியில வச்சு எடுத்தாந்தேன். இனி இது நாம தைச்சதில்ல. அவ குடுத்தது." சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் தலை துவட்டினார். எனக்கு அழுகையும் சிரிப்பும்.

பிறகு பிரித்துப் பார்த்தேன். ஒரு சட்டையின் நெஞ்சில் சிவப்பு. மழையில் கரைந்த குங்குமம்தான். தெரியும். ஆனாலும் அதை மடித்து அடியில் வைத்தேன்.

மார்கழி 1, ஞாயிறு

எழுந்ததிலிருந்து வயிற்றில் அசைவு இல்லை.

இடப்பக்கம் படுத்துப் பார்த்தேன். வலப்பக்கம். வயிற்றைத் தட்டிக் கூப்பிட்டேன். சின்னவனும் இப்படித்தான் ஒருநாள் அடங்கிப்போனான். இவரிடம் சொல்லவில்லை. இரண்டு பேர் பயப்பட வேண்டாம்.

மேரி அக்காவிடம் சொன்னேன். மெஷினை விட்டு எழுந்தார். சர்க்கரை கரைத்த தண்ணீர், பானைக் குளிர்ச்சியோடு. "குடியும். பேசாமல் கிடவும்." என் வயிற்றில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அவர் கையும் சில்லென்று இருந்தது. வெகுநேரம் கழித்து ஓர் உதை. அக்காதான் முதலில் அழுதார்.

மார்கழி 3, செவ்வாய்

வெள்ளம். கால்வாய் நிரம்பித் தெருவில் ஓடுகிறது. கடலும் ஏற்றமாம், தண்ணீர் வடிய வழியில்லை. கீழே எங்கள் வீட்டில் கணுக்கால் அளவு. மாடிக்கு, மேரி அக்கா அறைக்கு வந்துவிட்டேன்.

இவர் கொட்டகைக்கு ஓடினார். "கட்டிப் போட்ட எருமை அப்படியே முங்கிடும். அவுத்து விட்டுட்டு வந்துடறேன்." உச்சிப்பொழுது தாண்டியும் வரவில்லை.

வலி. பொய் வலியோ? நாள் இன்னும் இருக்கிறதே.

பொய் வலி இல்லை. மேரி அக்கா புடவையை முழங்காலுக்கு மேல் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கிவிட்டார், மலாய் மருத்துவச்சி திமாவைக் கூட்டிவர. திமா வீடு ஜாலான் புசார் சாலைக்கு அந்தப் பக்கம். நான் தனியாக. கீழே தூணில் ஏதோ பெரிதாக வந்து மோதியது. எட்டிப் பார்த்தேன். செத்த எருமை. கழுத்தில் கயிறு இருந்தது. அவிழ்க்க முடியவில்லை போலிருக்கிறது. அப்படியானால் இவர்?

எழுதினால் பயம் அடங்கும் என்று எழுதுகிறேன். அடங்கவில்லை. வலி

மார்கழி 5, வியாழன்

பெண். உயிரோடு இருக்கிறாள்.

உட்கார முடிகிறது. கொஞ்சமாக எழுதுகிறேன். மேரி அக்காவும் திமாவும் இடுப்பளவு தண்ணீரில் வந்து சேர்ந்தார்கள். திமா கிழவி வந்ததும் கையைக் கழுவினார், ஜன்னலைச் சாத்தச் சொன்னார். பிறந்ததும் சத்தம் இல்லை. எனக்கு அந்த அமைதி தெரியும். நீலமாக இருந்தாள். கிழவி அவளைக் கவிழ்த்து முதுகைத் தேய்த்தார். தன் வாயை வைத்து உறிஞ்சித் துப்பினார். திரும்பவும். என்னைப் பார்க்காமலே, "ஜாங்கான் தாகுட்", பயப்படாதே, பயப்படாதே என்று சொல்லிக்கொண்டே. எனக்குச் சொன்னாரா, பிள்ளைக்கா, தனக்கா. மேரி அக்காவின் செபம் பாதியில் நின்றது. பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம். பிறகு சரியான அழுகை.

சட்டை போட்டால் கழுத்து வழியாகத் தோள் வெளியே வருகிறது. அவ்வளவு சின்னவள்.

இவர் நேற்றுக் காலைதான் வந்தார். கொட்டகை ஆட்கள் எல்லோரும் கூரைமேல் ஏறி உட்கார்ந்திருந்தார்களாம், தண்ணீர் இறங்கும்வரை. பாதி மாடுகள் போய்விட்டன. கீழே எங்கள் வீட்டுக் கதவு திறந்து கிடக்க, உள்ளே சேறு, ஆள் இல்லை; அதைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டது, நின்றது. ஏறி வரவில்லை.

"ஏன் அங்கை நிக்கிறீர்? மேலை வாரும்," என்றார் மேரி அக்கா.

"அவ... இருக்காளா?"

"இருக்கிறா. ரெண்டு பேரும் இருக்கினம்."

படியிலேயே உட்கார்ந்துவிட்டார். விம்மும் சத்தம் அறைக்குள் கேட்டது.

மார்கழி 7, சனி

தூறல். தெருவில் சேறு வாரும் சத்தம். கஞ்சி குடித்தேன். பால் சுரக்கிறது.

பெயர் இன்னும் இல்லை. நானும் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. 'பாப்பா' போதும் இப்போதைக்கு.

அவள் தூங்கினால் இவர் மெல்ல வந்து மூக்கருகே விரல் வைத்துப் பார்க்கிறார். நான் தூங்குகிறேன் என்று நினைப்பு. அவர் கையை எடுத்துவிட்டு அந்தப் பக்கம் போகட்டும் என்று கண்ணை மூடிக் காத்திருப்பேன். அப்புறம் நான் வைத்துப் பார்ப்பேன்.