தலைப்பருவும் தலைப்பாகையும்

17-1-95, செவ்வாய்

பனி. வாடைக்காற்று. நாற்பத்தெட்டு வயதில் எனக்குப் பரு. முகத்தில் வந்திருந்தாலாவது இளமை திரும்புகிறது என்று பீற்றிக்கொள்ளலாம். வந்திருப்பது தலையில். உச்சியில் நாலைந்து, பிடரியில் ஒரு கூட்டம். ஒன்றில் சீழ். எழுதவே கூச்சம். சீப்பு பட்டால் உயிர் போகிறது.

பொங்கலுக்கு வந்த சொந்தபந்தம் யாரும் பார்க்கவில்லை. பழுப்புக் குரங்குக் குல்லாய் மானத்தைக் காப்பாற்றியது. பகலிலும் கழற்றவில்லை. சளி என்றேன். நம்பினார்கள்.

அடுத்த மாதம் 5ஆம் தேதி பல்லடத்தில் தங்கை மகன் கல்யாணம். தாய்மாமன் நான். சபை நடுவில் உட்கார வைத்துத் தலைப்பாகை கட்டுவார்கள். அதற்குள் தலை ஆறியாக வேண்டும்.

18-1, புதன்

சலூனில் சண்டை. பல வருடமாக ஒரே நாற்காலியில் தலையைக் கொடுத்தவனுக்கு இதுவா மரியாதை?

"உங்க சீப்புதானுங்க காரணம்" என்றேன். ஷேவிங்குக்கு உட்கார்ந்திருந்த ஆள் பாதி முகத்து நுரையோடு எழுந்துவிட்டார்.

"ஏனுங்க, இதே சீப்புலதான் நானும் தலை வாருறேனுங்க." குனிந்து தன் தலையைக் காட்டினார் சலூன்காரர். மாசு மருவற்ற தலை. எரிச்சல் இன்னும் ஏறியது.

20-1, வெள்ளி

வைத்தியம் சொன்னவர்கள்: பால்காரர் (வேப்பிலை), ஆபீஸ் டைப்பிஸ்ட் (எலுமிச்சை), மாடி வீட்டு அம்மணி (உடம்புச் சூடு, எண்ணெய் வைக்கணும்). மாடி வீட்டுக்கு எப்படித் தெரிந்தது? சரோஜாவைக் கேட்டேன்.

"நானா ஒருத்தருகிட்டயும் சொல்லலீங்க. அவங்க கேட்டாங்க, ஆமான்னேன்."

எனக்கு வாய்த்த மனைவி அரிச்சந்திரன் பரம்பரை.

எலுமிச்சை தேய்த்தேன். நான் போட்ட சத்தம் ஆர்.எஸ்.புரம் கடைசி வரைக்கும் கேட்டிருக்கும். எரிச்சல் அடங்கத் தேங்காய் எண்ணெயை ஒரு கை அள்ளி அப்பி, குல்லாயை இழுத்து மாட்டிப் படுத்தேன்.

23-1, திங்கள்

பரு இரட்டிப்பு. தங்கை போன். செய்தி மாடி வீட்டிலிருந்து பல்லடம் வரை போயிருக்கிறது.

"அண்ணா, தலைல என்னமோ புண்ணுன்னாங்க. பெரியப்பா பையன் உக்காந்துக்கட்டுமுங்களா? சபைல நாலு பேரு நாலு பேசுவாங்க."

அதற்குள் மச்சான் போனை வாங்கிக்கொண்டார். தங்கை வீட்டுக்காரர், கோழிப்பண்ணை முதலாளி.

"கோழிக்கு வந்தா தண்ணீல மருந்தக் கலந்து உட்டுப்போட்டு வேற சோலி பார்ப்போமுங்க மச்சான்."

கோழி. சரி. ஆனால் பெரியப்பா பையனா? மாப்பிள்ளை பேரையே மாற்றிச் சொல்கிறவன். மாப்பிள்ளைக்குக் காது குத்தியபோது மடியில் வைத்திருந்தவன் நான். "நானே வாரேன், நானே உக்காருவேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

24-1, செவ்வாய்

தோல் டாக்டர். சின்ன வயசு அம்மணி. சிரிக்கவில்லை, அதற்கே பீஸ் கொடுக்கலாம்.

"முடி வேர்க்கால்ல எண்ணெயும் வேர்வையும் அடைச்சிருக்குங்க. அதுல கிருமி சேர்ந்துருக்கு."

"எலுமிச்சை போட்டேனுங்க."

"அதைச் சோத்துக்கு வெச்சுக்குங்க."

சொன்னது: எண்ணெய் கூடாது. மாத்திரை. மருந்து ஷாம்பு, நுரையைக் கொஞ்ச நேரம் ஊறவிட்டு அலச வேண்டும். சொறியாதே, கிள்ளாதே. தலையில் காற்றுப் படணும். தலையில் படுகிற துணியெல்லாம் வெந்நீரில் துவைக்கணும்.

வெளியே வந்ததும், தெருவில் யாராவது பார்த்துத் தொலைப்பார்களே என்று, குல்லாய். வீட்டில் உத்தரவு போட்டேன். தலையணை உறை, துண்டு, சீப்பு எல்லாம் அண்டாவில் வெந்தன. பக்கத்தில் நின்று மேற்பார்வை பார்த்தேன், குல்லாயும் நானுமாக.

2-2, வியாழன்

உச்சி தேவலை. பிடரிக் கூட்டம் அப்படியே, புதிதாக இரண்டு. எண்ணெயைத் தொடவில்லை, மாத்திரை தவறவில்லை. படித்த டாக்டர் என்று நம்பினேனே. சலூனைத் தாண்டாமல் சுற்றுவழியில் போகிறேன். சலூன்காரர் நேற்று பஸ் ஸ்டாப்பில் பார்த்து வணக்கம் வைத்தார். என்ன திமிர்.

6-2, திங்கள்

கல்யாணம் முடிந்தது. உட்கார்ந்தது நான்தான்.

சடங்கு செய்கிற அருமைக்காரருக்கு ஏர் பிடித்த கை. தலைப்பாகையைச் சுற்றி, இழுத்து, ஒரு இறுக்கு. சரியாகப் பிடரியில். கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர்.

"மாமனுக்கு எத்தனை பாசம் பாருங்க" என்றது ஒரு குரல்.

தங்கை வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நான் அப்பிடிக் கேட்டிருக்கப்படாதுங்கண்ணா." அவளும் அழுதாள். கோழிப்பண்ணை கூடத் துண்டால் மூக்கைத் துடைத்தது. நான் எதையும் மறுக்கவில்லை. பாதி நிஜமும்தான்.

வீடு வந்தாயிற்று. பிடரி விண்விண் என்கிறது. சலூன் சீப்பைப் பற்றி மாநகராட்சிக்கு ஒரு புகார் எழுத உட்கார்ந்தேன். விடப்போவதில்லை.

நான் குளிக்கும் நேரம் பார்த்து சரோஜா குல்லாயை வெந்நீரில் போட்டுத் துவைத்திருக்கிறாள், வாங்கிய நாளிலிருந்து இதுதான் முதல் முறையாம். கொடியில் தொங்குகிறது. பழுப்பு இல்லை, பச்சைக் குல்லாய்.