நீங்கள் சொல்லாத வாக்கு

நேற்றுப் பின்னேரம் திரும்பவும் மைக்கை என்ர கையில தந்திட்டாங்கள், சேர். அதே மணம்தான். துருவும், ஆரோ ஒருத்தற்ற வெத்திலை எச்சிலும் கலந்த மணம். மூக்கில பட்டதும் உங்கட ஞாபகம் வந்திட்டுது. கோவிக்காதேங்கோ. உங்களை நினைக்க எனக்கு மல்லிகைப்பூ வாசமோ வரவேணும்?

நீங்கள் முதல்முதல் எலக்ஷன் கேட்டு எங்கட ஊருக்கு வந்த நாளும் இப்பிடித்தான் மைக்கை மணந்து பாத்தனான். குச்சவெளி ரோட்டில, கடற்கரை மணலில நாலு பலகை போட்ட மேடை. பட்டாளத்தில பெரிய உத்தியோகம் பாத்து ஓய்வெடுத்த ஆள் நீங்கள். கண்டிப் பக்கம் உங்கட பரம்பரை வீட்டு வாசலில யானைக்கொம்பு, நாய்க்குத் தனிக் கதிரை. அப்பிடிப்பட்ட துரை, மேடைக்கு ஏற முதல் பழக்கத்தில குதிக்காலை அடிச்சுச் சல்யூட் வைச்சீங்கள். செருப்பு மணலுக்குள்ள போயிட்டுது. தோண்டி எடுத்துத் தந்தவன் நான்.

நான் அஞ்சாம் வகுப்போட பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். மீன் லொறியில தம்புள்ளைக்குப் போய்ப் போய்ப் பழகின சிங்களம், அதிலயும் பாதி தூசணம், கெட்ட வார்த்தை. அதை நம்பி, உங்கட சிங்களப் பேச்சைத் தமிழில சொல்ல என்னை வைச்சீங்கள் பாருங்கோ, உங்கட முதல் பிழை அது.

எங்கட ஊருக்கு நல்லதண்ணிக் கிணறு ஒண்டே ஒண்டு. அது பட்டாளக் காம்ப் வேலிக்குள்ள போயிட்டுது. மற்றதெல்லாம் உவர். பொம்பிளையள் தண்ணிக்கு ரெண்டு மைல் நடந்தவை. அண்டைக்கு பாக்கியம் அக்கா எழும்பி, "ஐயா, எங்கட கிணறு?" எண்டு கேட்டவ. நீங்கள் சிங்களத்தில, "பாப்பம். கதைக்க வேண்டிய இடத்தில கதைக்கிறன்" எண்டீங்கள். அவ்வளவுதான் நீங்கள் சொன்னது.

நான் மைக்கில சொன்னது வேற. "ஐயா சொல்லுறார், நான் வெண்டால் ஒரு மாதத்துக்குள்ள கிணத்துக்கு வழி திறக்கும். இது பட்டாளத்துக்காரன்ர வாக்கு!"

சனம் எழும்பி நிண்டு கை தட்டினது. நீங்கள் என்ர காதுக்குள்ள, ஆரையும் கூப்பிடுற மாதிரி, "ஐசே, நான் அவ்வளவு நல்லாவோ கதைச்சனான்?"

"உங்கட குரல் அப்பிடி, சேர்."

மீசையைத் தடவினீங்கள். எனக்குச் சிரிப்பை அடக்க ஏலாமல் போயிட்டுது.

பகிடிக்குச் செய்தனான் எண்டு கனகாலம் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தனான். பகிடி இல்லை, சேர். என்ர மனிசிக்கு அப்ப ஏழு மாதம். அவளும் அந்தக் குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தவள்.

நீங்கள் எலக்ஷனில வெண்டீங்கள். தமிழ் சொல்ல என்னையும் கூடவே வைச்சிருந்தீங்கள். ஒரு மாதம் முடிஞ்ச அடுத்த நாள் காலமை, துறைமுகத்தைப் பாத்தபடி இருந்த உங்கட பங்களா வாசலில பொம்பிளையள் வெறுங்குடத்தோட வந்து குந்தீட்டினம். நீங்கள் உள்ளுக்கு முள்ளுக்கரண்டியால இடியப்பம் குத்திக்கொண்டிருந்தீங்கள். சத்தம் கேட்டு வெளியில வந்தா, பாக்கியம் அக்கா முன்னுக்கு நிக்கிறா.

"ஒரு மாதம் எண்டு நீங்கள்தானே சொன்னீங்கள்? பட்டாளத்துக்காரன்ர வாக்கு எண்டீங்களே!"

அதுக்குள்ள அந்தளவு தமிழ் உங்களுக்கு விளங்கத் தொடங்கியிருந்தது. திரும்பி என்னைப் பாத்தீங்கள். "நான் சொல்லேல்லை, இவன்தான் சொன்னவன்" எண்டு ஒரு சொல்லு போதும். அதுக்குப் பிறகு நான் ஊருக்குள்ள போக ஏலாது. நீங்கள் வாயைத் துடைச்சீங்கள். உங்கட உடைஞ்ச தமிழில சொன்னீங்கள்.

"ஓம். சொன்னது நான்தான்."

பிறகு ஜீப்புக்குள்ள, "ஐசே, என்ர வாயில வேற என்னென்ன வைச்சனீர்?"

"வெருகல் பக்கம் ஒரு பாலம், சேர். பிறகு ஒரு ஆஸ்பத்திரி."

"பாலம் சின்னதோ?"

கிணத்துக்காகக் கதைக்கப் போன உங்களைக் காம்ப் வாசலில காலமை தொடங்கி மத்தியானம் மட்டும் வெயிலில நிக்க வைச்சாங்கள். ஒரு காலத்தில உங்களுக்குச் சல்யூட் அடிச்ச ஆள்தான் உள்ளுக்குக் கதிரையில. நீங்கள் நிழலுக்கும் ஒதுங்கேல்லை. அடுத்த கிழமை வேலியில ஒரு சின்னப் படலை திறந்தது. காலமையில ரெண்டு மணித்தியாலம் தண்ணி அள்ளலாம். என்ர மனிசி அள்ளிக்கொண்டு வந்த முதல் குடத்தில தேத்தண்ணி வைச்சுத்தான் உங்களுக்குத் தந்தவள். சீனி காணாது எண்டு குறை சொன்னீங்கள்.

தங்களைக் கேக்காமல் காம்புக்குப் போனதுக்கு உங்கட கட்சிக்காரருக்குக் கோவம். அடுத்த எலக்ஷனில உங்களுக்கு இடம் தரேல்லை. "என்னைக் காட்டிக் குடுத்திருக்கலாமே, சேர்?" எண்டு கேட்டனான்.

"அவை கை தட்டினது எனக்கு, ஐசே. உமக்கில்லை."

உங்கட செத்தவீட்டுக்கு ரெண்டு பஸ் மாறி வந்தனான். பெரிய பெரிய ஆக்கள் கதைச்சினம். நீங்கள் வாங்கின மெடல், ஆண்ட பரம்பரை, எல்லாம். கிணத்தைப் பற்றி ஒரு சொல்லு இல்லை. எனக்கு ஆரும் மைக் தரேல்லை.

இப்ப அந்த வேலியும் இல்லை. பைப் தண்ணி வந்திட்டுது. கிணத்துக்குள்ள தவளை. மனிசியும் போயிட்டாள். எனக்கு ஒரு கால் வீங்கிப்போய்க் கிடக்கு. இருந்தும் நேற்று ஒரு புது ஆள் வோட்டுக் கேட்டு வந்தார், தமிழில சொல்ல ஆளில்லை எண்டு என்னைத் தூக்காத குறையா மேடையில ஏத்தினாங்கள்.

பாக்கியம் அக்கான்ர பேத்தி எழும்பினாள். "பைப்பில கிழமைக்கு ரெண்டு நாள்தான் தண்ணி வருது. என்ன செய்வீங்கள்?"

அவர் சொன்னார், "பாப்பம்."

நாக்கு துடிச்சுது, சேர். 'ஒரு மாதத்துக்குள்ள' எண்டது பல்லு மட்டும் வந்திட்டுது. மிச்சம் நாலு பல்லுத்தான், அதில ஒண்டு அந்தச் சொல்லைப் பிடிச்சிருக்கும். அவற்ற முகத்தைப் பாத்தனான். நாளைக்கு இந்தப் பிள்ளையள் வெறுங்குடத்தோட போய் நிண்டா, இந்தாள் என்ன சொல்லுவார்?

"பாப்பாராம்" எண்டு சொல்லீட்டு மைக்கை வைச்சிட்டன். ஒருத்தரும் கை தட்டேல்லை. அவர் என்னை முறைச்சார்.

வீட்டை வரேக்க அந்தப் பிள்ளை என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு வந்தாள். "அப்பு, அந்தக் காலத்துப் பட்டாளத்து ஐயா மேடையிலயே வாக்குக் குடுத்தவராமே? அம்மம்மா சாகுமட்டும் சொல்லுவா. உண்மையோ?"

அம்பது வருசமாச் சொல்லிப்போட வேணும் எண்டு வைச்சிருந்த கதை. கேக்கிறதுக்கும் ஒரு ஆள் வந்திட்டுது.

"ஓம் பிள்ளை" எண்டன். "சொன்னது அவர்தான்."