சீட்டில் பேர் உள்ளவர்

ஏப்ரல் 9, தாஷ்கண்ட்

என் மனைவி நிகோராவுக்கான வலிமருந்து எல்லையிலேயே நின்றுவிட்டது. எலும்புவரை பரவிய புற்றுநோய். இங்கே மருத்துவமனையில் கையிருப்பு இல்லை. எல்லைக்கு அப்பால் ஷிம்கென்டில் குடியேறிவிட்ட அவள் தம்பி இல்ஹோம், அறிக்கைகளைக் காட்டி, அக்கா பெயரில் மருந்துச் சீட்டு எழுதி வாங்கி, தோலில் ஒட்டும் மருந்தைக் கொண்டுவந்தான். சுங்கத்தில் நேர்மையாக அறிவித்தும் இருக்கிறான்.

"போதை வகை மருந்து. சீட்டுல பேர் இருக்கறவங்களே கொண்டுவந்தாத்தான் விடுவோம்."

"அவங்க எந்திரிக்கவே முடியாம கிடக்காங்க சார்."

"அப்ப திருப்பிக் கொண்டு போ."

அந்தப் பக்கம் நண்பன் வீட்டில் வைத்துவிட்டு வெறுங்கையோடு வந்து நிற்கிறான்.

ஏப்ரல் 10

இல்ஹோமின் வருகையைப் பதிவு செய்தாயிற்றா என்று காலையிலேயே போலீஸிலிருந்து கேட்டு வந்தார்கள். செய்தேன். அயல்நாட்டுக்காரன் எந்த வீட்டில் உறங்குகிறான் என்பதில் எவ்வளவு அக்கறை! அதே வீட்டில் உறங்கவே முடியாதவளைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

ஏப்ரல் 11

நான் பாடம் நடத்தும் பல்கலைக்கழகத்தின் பெயர் பொறித்த தாளில் சுங்க அலுவலகத்துக்கு மனு கொடுத்தேன். விதிவிலக்குக்கு இடமில்லையாம். நான் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் கையும் எழுந்திருக்கும்.

ஏப்ரல் 12

தலையணையைக் கடிக்கிறாள். நான் என்ன செய்ய — என்னதான் செய்ய?

அவளே சொன்னாள்: "நான்தானே வரணுங்கறாங்க? கூட்டிட்டுப் போங்க."

"பைத்தியமா உனக்கு?"

"இத்தனை வருஷத்துல ஒரு வெளிநாடு காட்டினீங்களா, வாத்தியாரே? இப்பவாவது காட்டுங்க."

ஏப்ரல் 14

சக்கர நாற்காலியில் போனோம். வழியில் கார் குலுங்கிய ஒவ்வொரு முறையும் — வேண்டாம், அதை எழுதமாட்டேன். அந்தப் பக்கம் நுழைவு முத்திரை. வாசலில் இல்ஹோமின் நண்பன், கையில் மருந்துப் பொட்டலம். உடனே திரும்பும் வரிசை.

"எதுக்குப் போயிட்டு வர்றீங்க?" என்றான் அதிகாரி.

"சுத்திப் பார்க்கத்தான், தம்பி. உங்க வரிசையைத்தான் பார்த்தேன்" என்றாள் நிகோரா.

அவன் தலை நிமிராமல் சீட்டையும் கடவுச்சீட்டையும் ஒப்பிட்டு முத்திரை குத்தினான். விதி நிறைவேறியது. கார் ஏறுமுன் ஒன்றை அவள் தோளில் ஒட்டினேன்.

ஏப்ரல் 15

உறங்குகிறாள்.

மே 3

துக்கம் கேட்க வந்தவர்கள் போனபின் எதிர்வீட்டு தில்பர் மட்டும் எழுந்திருக்கவில்லை.

"தப்பா நெனைக்காதீங்க, வாத்தியாரய்யா. அவங்களுக்கு வாங்கினது ஏதாச்சும் மிச்சம் இருக்கா? வீட்டுக்காரரு வலியில கத்தறது தாங்க முடியல."

பிறர் பெயரிலுள்ள போதை மருந்தைக் கொடுப்பது குற்றம். எல்லாவற்றையும் கொடுத்தேன். எங்கே, எப்படி ஒட்டுவது என்பதையும் அவர்கள் வீட்டுக்கே போய்க் காட்டிக்கொடுத்தேன்.