ஒன்பது அடி வடம்

கார்த்திகை 4, திங்கள்

மூட்டம். கடல் கலங்கல். தொண்டைக்கட்டு நீங்கவில்லை, தம்பலகாமக் கூட்டத்தில் இரண்டு மணி நேரம் முழங்கியதன் பயன். பனங்கற்கண்டு வாங்க வேண்டும். வேட்டி இரண்டு சலவைக்கு.

மீனவர் சங்கத்துக்கு வானொலிப் பேசுகருவிகள் இரண்டும் வந்துவிட்டன, அனுமதிப் பத்திரத்தோடு. ஒன்று தங்கை வசந்தியின் கணவன் செல்வத்தின் படகில். மற்றது சங்கத்து வண்டியில். "கடலில் நிற்பவன் குரல் கரைக்கு எட்டாத நாள் இனி இல்லை!" சல்லிக் கடற்கரையில் ஊரறிய உரைத்தவன் நான். முன்வரிசையில் இருந்து கைதட்டியவன் செல்வம்.

கார்த்திகை 5, செவ்வாய்

கிண்ணியாவிலிருந்து ஹனீபா காக்கா, வானொலி திருத்துபவர். படகின் வேலையை முற்பகலிலேயே முடித்துவிட்டார். வண்டியில்தான் வழக்கு.

கூரையில் ஏரியல். அதிலிருந்து கருவி வரை வடம். ஹ. கயிறு பிடித்து அளந்தார்: பின்புறமாக இறக்கி, அடித்தட்டில் துளையிட்டு, விரிப்பின் கீழாக முன்னே கொண்டுவரப் பதினான்கு அடி. நான் அளந்தேன்: முன்கதவின் இடுக்கால் நேரே உள்ளே, ஒன்பது அடி.

ஒலிபெருக்கி வண்டியில் இருபது ஆண்டு ஊர் சுற்றியவன் நான். வடம் நீள நீளக் குரல் மெலியும். சொன்னேன்.

"இது லவுட்ஸ்பீக்கர் வயர் இல்ல ஐயா. அஞ்சு அடி கூடினா ஒண்டும் கெட்டுப் போகா. கதவு நசிச்சாத்தான் கெடும்."

"கதவோரம் இறப்பர்ப் பட்டை இருக்கிறதே?"

"நீங்க தலைவர். வெட்டச் சொன்னா வெட்டுறன். பொறகு இழுத்து நீட்ட ஏலாது."

சுற்றி நின்றவர்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்காகவே "வெட்டுங்கள்" என்றேன். இதை இங்கே மட்டும் எழுதலாம்.

கார்த்திகை 6, புதன்

வெயில். கடற்கரையில் சோதனை. கூட்டம் கேட்கட்டும் என்று வண்டிக் கதவுகள் அனைத்தையும் திறந்து வைத்தேன். மூன்று மைல் அப்பாலிருந்து செல்வத்தின் குரல், பக்கத்தில் நிற்பவன் போல:

"மச்சான், இஞ்சயும் பிரசங்கமோ? மீனெல்லாம் ஓடுது!"

ஆரவாரம். ஹ. பக்கம் திரும்பினேன். மிச்ச வடத்தைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

கார்த்திகை 8, வெள்ளி

விடியலில் செல்வம் புறப்பட்டான், உடன் இருவர். ஒன்பது மணிக்கு மழை, வடகீழ்க் காற்று. பத்துக்குத் திரும்பியிருக்க வேண்டும். பன்னிரண்டு. இல்லை.

வண்டியைக் கரையில் நிறுத்திக் கதவுகளைச் சாத்திக்கொண்டு அழைத்தேன். சாரல் கருவியை நனைத்துவிடும் என்ற அச்சம். "செல்வம், செல்வம், கரை பேசுகிறது." இரைச்சல் மட்டும். பத்து முறை. இருபது. கரையோர மீன்வாடிக் கொட்டிலுக்குள் யாரோ: "மைக்கில கத்தினாப் படகு வருமோ?" இன்னொருவர்: "சும்மா இருங்கோ, அவர்ர மச்சானெல்லோ."

ஒரு மணி. குரல் பாதி அடைத்துவிட்டது.

வசந்தி மழையில் வெறுங்காலோடு ஓடிவந்து முன்கதவை இழுத்துத் திறந்தாள். "அண்ணா, இவ்வளவு நேரம் கதைச்சது காணும்! இறங்குங்கோ! படகொண்டை அனுப்பு..."

கருவி பேசியது.

"...எஞ்சின் நிண்டுட்டுது. புறாத்தீவுக்கு வடக்கால நங்கூரம் போட்டிருக்கிறம். கயிறு தேயுது. மச்சான், கேக்குதோ?"

மழையோசை மறைக்கிறதே என்று கதவைச் சாத்தினேன். குரல் அறுந்தது. திறந்தேன். வந்தது. அப்போதுதான் கண்ணில் பட்டது: கதவு விளிம்பில் வடம் தட்டையாக நசிந்து, கறுப்புத் தோல் பிளந்து.

வசந்தியும் பார்த்தாள். இரு கைகளாலும் கதவைப் பிடித்துக்கொண்டு காற்றுக்கு எதிரே நின்றாள். நான் இடம் கேட்டேன், சொன்னான். இரண்டு படகுகள் போயின. அவை அவனைக் கண்டு கயிறு கட்டும் வரை அவள் கதவை விடவில்லை.

நாலரைக்குக் கரை. மூவரும் உயிரோடு.

கார்த்திகை 9, சனி

தூறல். ஹ. காலை முதல் படகிலேயே கிண்ணியாத் துறை கடந்து வந்தார். புது வடம், பதினான்கு அடி, விரிப்பின் கீழ். கதவைச் சாத்திச் சோதித்தார். மீண்டும் சாத்திச் சோதித்தார். தேநீர் மட்டும் கேட்டு வாங்கினார்.

செல்வம் வந்தான். உள்ளங்கை இரண்டும் கயிறு அறுத்துப் புண். "ரண்டு மணித்தியாலம் கூப்பிட்டனான், மச்சான்." வழக்கமான பகிடியும் சிரிப்பும் இல்லை. வசந்தி வரவில்லை.

நாளை சல்லியில் கூட்டம். மீட்பைப் பற்றி நான் பேச வேண்டுமாம். சுவரொட்டியும் ஒட்டிவிட்டார்கள். ஏழு பக்கம் எழுதி வைத்திருந்தேன், கிழித்தாயிற்று. புதுத்தாளில் ஒரு வரி: "வடத்தை ஒன்பது அடியில் வெட்டச் சொன்னவன் நான்."

இரண்டாவது வரி இன்னும் வரவில்லை.