நாற்பது நிமிடம்

ஜூன் 4

அன்பு வாயாடிக்கு,

அம்மாவுக்கு அந்தப் பழைய இருமல் குறைந்திருக்கிறது. நான் டிப்போவுக்குப் போய் வருகிறவன், தொற்றைக் கொண்டுவந்து அவளுக்கு ஒட்டிவிடக் கூடாது என்பதால் மூன்று மாதமாக அவள் உள் அறையில், நான் வாசல் அறையில். மூடிய கதவு வழியாகவே சண்டை போடுகிறோம்.

தடுப்பூசி அக்டோபரில் வந்துவிடும் என்று நீ எழுதியதை டிப்போ முழுக்கச் சொல்லிவிட்டேன். பத்து வருட வேலையாமே, ஒரே வருடத்தில் முடிக்கிறீர்களாம். பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. பஸ்களை நேரத்துக்கு அனுப்புகிறவன் பெற்ற பெண்ணாயிற்றே. தேதி மட்டும் தவறக் கூடாது.

உன் அப்பா

ஜூலை 11

அன்புள்ள அப்பாவுக்கு,

திட்டுவீர்கள் என்று தெரிந்தே எழுதுகிறேன். அக்டோபர் இல்லை. டிசம்பர் ஆகும்.

சோதனை ஊசி மருந்துப் பெட்டி ஒன்றை மேசைமேல் வைத்துவிட்டு போன் பேசப் போயிருக்கிறேன். வார முடிவில் பதிவேட்டைப் பார்த்தபோதுதான் உறைத்தது. வெளியே எடுத்தது பத்து மணி, குளிர்பெட்டியில் வைத்தது பத்து நாற்பது. எழுதியதும் நானே. பத்து நிமிடம்தான் வெளியே இருக்கலாம். அதற்குள் அறுபது பேருக்குப் போட்டாயிற்று. அவர்களுக்கு ஆபத்தில்லை. ஆனால் மருந்து வலுவிழந்திருந்தால் சோதனை முடிவே பொய்யாகிவிடும்.

பதிவேட்டில் ஒரு எண்ணைத் திருத்தியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் ஆராய்ச்சியை நடத்தும் பெரிய டாக்டரிடம் போய்ச் சொல்லிவிட்டேன். இப்போது புதிதாக அறுபது பேர் வேண்டும், நம் ஊர் ஆஸ்பத்திரியிலும் சேர்க்கிறார்கள். அம்மா இன்னும் இரண்டு மாதம் கதவுக்குப் பின்னால் இருக்கப் போவது என்னால்தான்.

உங்கள் மகள்

ஜூலை 19

என் வாயாடிக்கு,

கோபம் வந்தது, மறைக்கவில்லை. டிப்போவில் எந்த முகத்தோடு நிற்பது? உன் கடிதத்தைக் கதவு வழியே அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அவள் சொன்னாள்: "பிரேக் சரியில்லன்னா பஸ்ஸை நிறுத்தி வைக்கிறவர்தானே நீங்க? அவ செஞ்சதுக்கு மட்டும் ஏன் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கறீங்க? நான் இருந்துக்கறேன்."

டிப்போவில் தேதி தள்ளிப்போனதையும் அறுபது பேர் தேவைப்படுவதையும் உன் தவறோடு சேர்த்தே சொன்னேன். மறுநாள் ஏழு டிரைவர்கள் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்கள், நானும் போனேன். சொந்தக்காரர் யாராவது இந்த ஆராய்ச்சியில் இருக்கிறார்களா என்று நர்ஸ் கேட்டாள். சொன்னேன்.

"தப்பைத் தானே போய்ச் சொன்ன அந்தப் பொண்ணோட அப்பாவா நீங்க? அப்படின்னா உங்களைச் சேர்க்க முடியாதுங்க."

ஏழு பேருக்கும் ஊசி போட்டார்கள். நான் மட்டும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். வருகிறவர் போகிறவரையெல்லாம் நிறுத்தி, என்னை ஏன் திருப்பி அனுப்பினார்கள் என்று நானாகவே சொன்னேன்.

உன் அப்பா