முதல் தடவை கேட்கக் கூடாது

பெரிய துக்கத்துக்கு,

வணக்கம். இங்கே நான் இருக்கிறேன். நலம் என்று எழுதலாமா என்று யோசித்தேன், ஆதாரம் போதவில்லை. நீ நலமாகத்தான் இருப்பாய், ஆகவே விசாரிக்கவில்லை.

இந்தக் கடிதம் உனக்குக் கிடைத்த மறுநாளோ அதற்கடுத்த நாளோ உன் வாசலில் ஒரு லாரி வந்து நிற்கும். மரச்சட்டம் அடித்து, பழைய போர்வை சுற்றி, ஒரு கலர் டெலிவிஷன் பெட்டி அதில் வரும். எந்தப் பெட்டி என்று நீ கேட்க மாட்டாய். என்னிடம் இருக்கிற, உன்னிடம் இல்லாத பெட்டி அது ஒன்றுதான். இழுத்து மூடும் மரக்கதவும், பித்தளைக் குமிழும், நான்கு கால்களும் உள்ள பெட்டி. என் மனைவியின் பெட்டி. லாரியிலிருந்து இறக்கும் ஆட்களைக் கண்ணாடிப் பக்கத்தை நெஞ்சோடு அணைத்துத் தூக்கச் சொல். பாரமெல்லாம் அந்தப் பக்கம்தான். பின்மூடியைத் திறப்பதற்கு முன் இதைக் கடைசி வரை படித்துவிடு. எனக்காக இல்லாவிட்டாலும் பெட்டிக்காகப் படிப்பாய் என்று நம்புகிறேன்.

பெரிய துக்கம் என்று அழைத்ததற்குக் கோபித்துக்கொள்ளாதே. அவள் வைத்த பெயர். நேரில் உன்னை அண்ணா என்பாள், நீ இல்லாதபோது பெரிய துக்கம் என்பாள். நான் சின்ன துக்கம். நீ வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டதுமே சமையலறையிலிருந்து, "ஏங்க, பெரிய துக்கம் வந்தாச்சு. நாளைக்கு எந்த வீட்டுல அழுகை?" என்று கேட்பாள். உனக்கும் அது காதில் விழுந்திருக்கும். விழாதது போல இருப்பாய். இனி அந்தப் பெயர்களைத் தெரிந்தவர்கள் நாம் இருவர்தான்.

பெயருக்கு நாம் தகுதியானவர்களாகவே நடந்துகொண்டோம். நான் அப்போது பத்திரிகை அலுவலகத்தில் பிழைதிருத்துபவன். நாளைக் காலை ஊருக்குத் தெரியப்போகும் சாவு எனக்கு இன்று சாயங்காலமே தெரிந்துவிடும். 'மீளாத் துயில்' என்பதில் ஒற்று விட்டுப்போகாமல் பார்த்துக்கொண்டே, வயதையும் தெருவையும் மனதில் குறித்துக்கொள்வேன். வயதானவர், பெரிய தெரு, சொந்த வீடு என்றால் அங்கே ஒரு பழைய கலர் பெட்டி இருக்க நியாயம் உண்டு. நீ மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி. சலவைச் சட்டை, தோல்பை, டாக்டர் வீட்டு வாசலில் எத்தனை நேரம் உட்கார வைத்தாலும் கோணாத முகம். அந்த முகத்தைக் கொண்டுபோய்ச் சாவு வீட்டில் வைத்தால் யாருக்கும் அது துக்கமாகவே தெரியும். பழைய டெலிவிஷன் சேகரிக்கும் மற்றவர்கள் பழைய சாமான் கடைகளில் அலைந்துகொண்டிருந்தபோது நாம் நேரே வீட்டுக்குள் போய்விட்டோம்.

நாம் நாகரிகமானவர்கள் என்பதால் விதிகளும் வைத்திருந்தோம். திரைக்கு எதிரே உள்ள நாற்காலியில் உட்கார வேண்டும். முதலில் தண்ணீர் மட்டும்தான் குடிக்க வேண்டும். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டு, பெட்டியைப் பார்த்தபடி, "அவங்க கை பட்ட பொருள்னு பார்த்தாலே தெரியுதுங்க" என்று சொல்ல வேண்டும். அந்த வாக்கியம் நான் எழுதியது. முதலில் 'அன்பான கை' என்று இருந்தது; மிகையாகப் பட்டதால் அடித்துவிட்டேன். பிறகு ஒரு டீ கேட்க வேண்டும். வீட்டுக்காரர் உள்ளே போன நேரத்தில் டார்ச்சும் சின்னக் கண்ணாடியும் வைத்துப் பின்மூடியின் ஓட்டை வழியாகப் படக்குழாயைப் பார்த்துவிட வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலான விதி, முதல் தடவை கேட்கக் கூடாது என்பது. எழுந்து, கும்பிட்டு, வந்துவிட வேண்டும். கொஞ்ச நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, "சும்மா பார்த்துட்டுப் போகலாம்னு வந்தோம்" என்று மறுபடி போக வேண்டும். அதற்குள் உறவுக்காரர்கள் கிளம்பியிருப்பார்கள். வீடு பெரிதாகத் தெரிய ஆரம்பித்திருக்கும். அவர்களே, "இந்தப் பெட்டியை யாருக்காவது குடுத்துடலாமான்னு பாக்கறேன்" என்பார்கள். நாம் தயங்கித் தயங்கி ஒத்துக்கொள்வோம்.

அந்த வக்கீல் வீடு நினைவிருக்கிறதா? அவர் மனைவி உன்னிடம், "நீங்க அவரோட கோர்ட்டா?" என்று கேட்டதற்கு, "அதுக்கும் மேலங்க" என்றாயே. வக்கீலின் முகத்தை மாலை போட்ட படத்தில்தான் முதல்முதலாகப் பார்த்திருந்தோம். அந்தம்மா உன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். உன் கண்ணிலும் தண்ணீர் வந்தது. திரும்பும் வழியில் நான் பாராட்டினேன். இரண்டாம் தடவை போனபோது நமக்குச் சமைத்துப் போட்டார். பெட்டியை நாம் வண்டியில் ஏற்றி முடிக்கும் வரை கதவைப் பிடித்துக்கொண்டு நின்று, "அடிக்கடி வாங்க" என்றார். மூன்றாம் தடவை நாம் எந்த வீட்டுக்கும் போனதில்லை. அதற்கு விதி எதுவும் எழுதி வைக்கவில்லை.

அவள் இதையெல்லாம் தடுக்கவில்லை. நான் ஒரு பெட்டியோடு வீட்டுக்குள் நுழைந்தால் ஒன்றே ஒன்று கேட்பாள்: "செத்தவர் பேரு என்ன?" எனக்குப் பெரும்பாலும் மறந்திருக்கும். பெட்டி எந்த வருடத்தது என்று சொல்வேன். "நாளைக்கு நான் போனாலும் பின்மூடியைத் திறந்து பார்த்துட்டுத்தான் ரெண்டு பேரும் அழுவீங்க" என்பாள். நீயும் நானும் சிரித்தோம். நல்ல நகைச்சுவை என்று அப்போது நினைத்தோம்.

அவள் பெட்டியின் கதைக்கு வருகிறேன். அவள் அப்பா வாங்கிக் கொடுத்தது. அவள் அதன் தலையில், வலது ஓரத்தில், உடைந்த ஒலிபெருக்கியிலிருந்து எடுத்த காந்தத்தை வைத்திருந்தாள். அதில் தையல் ஊசிகள் ஒட்டிக்கொண்டிருக்கும். கலர்ப் படக்குழாய்க்குக் காந்தம் ஆகாது என்பது நம் தொழிலில் பாலபாடம். திரையின் வலது மூலையில் நீலமும் ஊதாவுமாக ஒரு கறை விழுந்து, வருடத்துக்கு வருடம் பரந்தது. எந்த மந்திரியும் அந்த மூலைக்கு நகர்ந்தால் பாம்பு கடித்தவர் போல நீலம் பாரித்துவிடுவார். அவளுக்கு அதில் பரம திருப்தி. காந்தத்தை எடு என்று நான் சொன்னபோது, "தெரிஞ்சுதான் வச்சிருக்கேன். இது சுத்தமாயிட்டா நீங்க இதையும் சேகரிப்புல சேர்த்துடுவீங்க. அப்புறம் நான் எதைப் பாக்கறது?" என்றாள். நியாயம்தான். நாம் பழுதுபார்த்த பெட்டியில் யாரும் எதையும் பார்த்ததில்லை. விருந்தாளி வந்தால் திரையில் சோதனை நிறப்பட்டைகளை மட்டும் காட்டிவிட்டு அணைத்துவிடுவோம். கறை இருந்தவரை அது வீட்டு டெலிவிஷன். கறை போனால் காட்சிப்பொருள்.

நீ அந்தக் கறையைப் பார்க்கும்போதெல்லாம் பல்வலிக்காரன் போலக் கன்னத்தைப் பிடித்துக்கொள்வாய். ஒரு நாள் பொறுக்க மாட்டாமல், "தங்கச்சி, இது பெரிய பாவம்மா" என்றாய். "பாவத்தைப் பத்தி நீங்க பேசாதீங்கண்ணா, நீங்க போய் வந்த வீட்டையெல்லாம் நான் எண்ணிக்கிட்டிருக்கேன்" என்றாள். காந்தம் அங்கே எதற்கு இருக்கிறது என்பதையும் அன்றைக்கே உன் முகத்துக்கு நேரே சொன்னாள். இதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படி.

நீ வேலையிலிருந்து ஓய்வு பெற்று மகனோடு அந்த ஊருக்குப் போன பிறகு அவள் படுத்தாள். ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக நான் அலைந்த மாதங்களில் நீ வரவில்லை. தூரம், முழங்கால், ரயிலில் இடம் இல்லை. போன் செய்தாய். முதல் கேள்வி அவள் எப்படி இருக்கிறாள் என்பது, இரண்டாவது கேள்வி பெட்டி எப்படி இருக்கிறது என்பது. ஒரு தடவைகூட வரிசை மாறவில்லை. அதை நான் கவனித்தேன் என்பதை உனக்குத் தெரிவிக்கிறேன்.

அவளுடைய மரண அறிவிப்பை நானே எழுதினேன். பழைய அலுவலகப் பையன்கள் அச்சுக்குப் போகும் முன் எனக்கு அனுப்பினார்கள், நானே திருத்தினேன். பிழை இல்லை. உனக்கு நான் போன் செய்யவில்லை. செய்யத் தோன்றவில்லை என்பது ஒரு காரணம். அந்தப் பக்கத்தை நீ படிக்காமல் விடமாட்டாய் என்பது இன்னொன்று.

நீ வந்தாய். கூட்டமெல்லாம் போன பிறகு வந்தாய். அதுவும் நம் வழக்கம்தான். திரைக்கு எதிரே உள்ள நாற்காலியில் உட்கார்ந்தாய். தண்ணீர் கொடுத்தேன், குடித்தாய். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு பெட்டியைப் பார்த்தபடி, "அவ கை பட்ட பொருள்னு பார்த்தாலே தெரியுதுடா" என்றாய். 'ங்க' மட்டும் 'டா' ஆகியிருந்தது. என் வாக்கியம் எப்படி வேலை செய்கிறது என்பதை அன்றைக்குத்தான் எதிர் நாற்காலியிலிருந்து பார்த்தேன். நன்றாகவே வேலை செய்கிறது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

பிறகு நீ டீ கேட்டாய்.

நான் உள்ளே போனேன். சர்க்கரை எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. ஒவ்வொரு டப்பாவாகத் திறந்துகொண்டிருந்தேன். ஒன்றில் பொத்தான்கள் இருந்தன, ஒன்றில் பழைய சாவிகள். அப்போது கூடத்திலிருந்து அந்தச் சத்தம் வந்தது. காந்தக் கறையை எடுக்கும் வளையக் காயிலுக்கு மின்சாரம் கொடுத்தால் வண்டு போல உறுமுமே, அந்தச் சத்தம். டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு, அது தேய்ந்து நிற்கும் வரை கேட்டேன். நிதானமாகத்தான் செய்தாய், வளையத்தைச் சுற்றிச் சுற்றி, மெல்ல மெல்லப் பின்னுக்கு இழுத்து, தூரம் போன பிறகுதான் அணைத்தாய். பழகிய கை.

நான் டீயோடு வந்தபோது செய்தி ஓடிக்கொண்டிருந்தது. வாசிப்பவருக்கு இரண்டு கன்னமும் ஒரே நிறம். காந்தம் ஊசிகளோடு ஜன்னல் விளிம்பில் இருந்தது. நீ என் தோளில் கை வைத்து, "பாரு, எவ்வளவு சுத்தமா வந்துடுச்சு. இனிமே கறையே இல்லை" என்றாய். உன் கண் ஈரமாக இருந்தது. வக்கீல் வீட்டிலும் அப்படித்தான் இருந்தது.

நீ பெட்டியைக் கேட்கவில்லை. டீயைக் குடித்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாய்.

பிழைதிருத்துபவனுக்கு ஒரே வரியை இரண்டு விதமாகப் படிக்கும் வியாதி உண்டு. காயிலை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு, ராத்திரி முழுக்க ரயிலில் சுமந்து, இழவு வீட்டுக்கு ஒருவன் வருகிறான் என்றால் அவன் பெட்டிக்காகத்தான் வருகிறான் என்பது ஒரு வாசிப்பு. ஆறுதல் சொல்ல வாய் வராதவன், தனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்து நண்பனின் வீட்டில் ஒரு கறையையாவது துடைத்துவிட்டுப் போகலாம் என்று வந்தான் என்பது இன்னொரு வாசிப்பு. இரண்டாவதுதான் சரி என்று தீர்ப்பு எழுத நான் தயாராக இருந்தேன், நீ பெட்டியைக் கேட்கவில்லை என்பதை வைத்து. ஆனால் முதல் தடவை கேட்கக் கூடாது என்று விதி வைத்ததே நாம்தானே.

நீ போன பிறகு காந்தத்தை எடுத்துப் பழைய இடத்தில் வைத்துப் பார்த்தேன். கறை வந்தது. ஆனால் வேறு கறை. மூலையில் விழாமல் நடுவுக்குச் சரிந்து, வாசிப்பவரின் மூக்கில் போய் நின்றது. நகர்த்தி நகர்த்திப் பார்த்தேன். சரியாக எந்த இடத்தில் வைப்பாள் என்பதை இத்தனை வருடத்தில் நான் பார்த்து வைத்துக்கொள்ளவே இல்லை. பெட்டியின் வருடம் தெரியும், குழாயின் எண் தெரியும், பாகங்களின் பெயர் எல்லாம் தெரியும்.

மற்றபடி வீட்டுச் செய்தி: பக்கத்து வீட்டம்மா மத்தியானச் சாப்பாடு அனுப்புகிறார். டிபன் பாத்திரத்தைக் கழுவிக் கொடுக்கவேண்டும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை, இப்போது கழுவுகிறேன். மொட்டைமாடிக் குழாய் சொட்டுகிறது. நம் டெலிவிஷன் சேகரிப்பாளர் சங்கத்துக்காரர்கள் இரங்கல் தெரிவித்துக் கடிதம் போட்டிருந்தார்கள். கடைசி வரியில், சேகரிப்பைப் பற்றி முடிவு ஏதும் எடுப்பதாக இருந்தால் தங்களுக்கு முதலில் தெரிவிக்கும்படி கேட்டிருந்தார்கள். அவர்களுக்கு விதி தெரியவில்லை, முதல் தடவையே கேட்டுவிட்டார்கள்.

போன வாரம் நீ போன் செய்தாய். மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை வரட்டுமா என்றாய். என்ன விஷயம் என்று கேட்டேன். "ஒண்ணுமில்லடா, சும்மா பார்த்துட்டுப் போகலாம்னு" என்றாய்.

வா என்றேன். போனை வைத்துவிட்டு லாரிக்காரரைக் கூப்பிட்டேன்.

ஆகவே பெட்டி உனக்கு வந்து சேர்கிறது, நீ கேட்பதற்கு முன்பே. பயணத்தில் நிறம் கொஞ்சம் கலங்கியிருக்கும். காயிலை ஒரு சுற்றுக் காட்டினால் தெளிந்துவிடும். நன்றாக வைத்துக்கொள்வாய், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. முடிந்தால் எப்போதாவது அதில் ஏதாவது நிகழ்ச்சியையும் பார். காந்தத்தை மட்டும் நான் வைத்துக்கொண்டேன், ஊசிகளோடு.

இங்கே மிச்சம் இருப்பவை எல்லாம் உன்னிடம் ஏற்கனவே இருப்பவை. கூடத்தில் பெட்டி நின்ற இடத்தில் நான்கு கால்களின் தடம் இருக்கிறது. அதற்கு எதிரே உள்ள நாற்காலியில் உட்கார்ந்தால் சுவர் தெரியும். நீ நீண்ட நாள் நன்றாக இரு. உன் பெயரை ஒற்றுப்பிழை பார்க்கும் வேலை எனக்கு வராமல் போகட்டும்.

கடைசி ஞாயிற்றுக்கிழமை நான் வீட்டில்தான் இருப்பேன். சர்க்கரை டப்பா எது என்று இப்போது தெரியும்.

வருவதானால், பையை அங்கேயே வைத்துவிட்டு வா.

இப்படிக்கு,
சின்ன துக்கம்