மடுவில் எத்தனை மீன்

ஏப்ரல் 9, காலை 6.40. மடுவில் 212 மீன்.

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கு நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்துவிட்டது. நீ அனுப்பிய தைலத்தால் அல்ல, மாடிப்படி ஏறுவதை நிறுத்தியதால்.

விஷயத்துக்கு வருகிறேன். போன வருஷம் ஓடையின் இதே மடுவில் அறுபது மீன்தான். உனக்கு வெட்டு ஒப்பந்தம் தரும் மரக் கம்பெனி மேலாளர் என் தோளைத் தட்டி, "பாத்தீங்களா தம்பி, மரம் வெட்டினா மீன் பெருகுது!" என்று சிரித்தார். மனுஷனுக்குக் கணக்கு தெரியும், மீன் தெரியாது.

ஓடையின் மற்ற பதினோரு இடங்களிலும் இறங்கிப் பார்த்துவிட்டேன். போன வருஷம் எல்லாம் சேர்த்து ஆயிரத்தைத் தாண்டியது. இப்போது அங்கே ஒன்றுகூட இல்லை. கரைமரம் போனதும் தண்ணீர் வெயிலில் காய்கிறது. லாரிப் பாதை மண் மழையில் இறங்கிக் கூழாங்கற்களை மூடிவிட்டது. கல்லிடுக்கில் இட்ட முட்டைகள் மூச்சு முட்டிச் செத்தன. தப்பியவை நிழலுள்ள ஒரே மடுவில் ஒண்டியிருக்கின்றன. வீடு எரிந்தவர்கள் ஒரே கூடத்தில் படுத்திருந்தால், ஊரில் ஜனம் பெருகிவிட்டது என்பாயா? அந்த 212-இல் ஒரு குஞ்சுகூடக் கிடையாது. எல்லாம் கிழடு.

அந்த மடுவுக்கு நிழல் தரும் மரங்கள்தான் உன் அடுத்த ஒப்பந்தம். மீன்துறை ஆளான என் கையெழுத்து இல்லாமல் வெட்ட முடியாது. நேற்று போனில், "உன்னைப் படிக்க வெச்சவன்டா நான். ஒரு கையெழுத்துக்கு இவ்ளோ பிகு பண்றியே" என்றாய். உண்மைதான். நீ மரம் வெட்டிய காசில்தான் நான் மீன் எண்ணப் படித்தேன். ஒழுங்காகப் படித்திருக்கிறேன், உன் பணம் வீண்போகவில்லை.

அம்மா யார் பக்கமும் பேசவில்லை. "ரெண்டும் உங்கப்பனாட்டம் பிடிவாதம்" என்றாள், அவ்வளவுதான்.

இனி நான் செய்யப்போவது:

1. பன்னிரண்டு இடத்துக் கணக்கையும் இன்று மதியம் அலுவலகத்தில் கொடுப்பேன். கீழே 'வெட்டக்கூடாது' என்று எழுதி, கையெழுத்து போட்டு.
2. கம்பெனி வேறு ஆளை வைத்து எண்ணச் சொன்னால், மடுவைக் காட்டும் முன் காலியான பதினோரு இடத்துக்கும் அவரை நானே கூட்டிப்போவேன்.
3. ரம்பம் வந்தால் முதல் மரத்தடியில் நிற்பேன். ஆட்களை அனுப்பாதே. நீயே வா.
4. வந்தால் உன்னை இடுப்பளவுத் தண்ணீரில் இறக்கி, குனிந்து பார்க்கச் சொல்வேன். பிறகு வீட்டுக்குப் போவோம். அம்மா இன்னமும் உனக்கும் சேர்த்துத்தான் உலை வைக்கிறாள்.

உன் தம்பி